சம்பளம் யாருடையது? ஏழ்மை வார்த்தைப்பாடும் வருமான வரியும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2024 நவம்பர் 7 அன்று, அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு 93 மேல்முறையீடுகளை ஒன்றாகத் தள்ளுபடி செய்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியர்களாகப் பணிபுரியும் கத்தோலிக்க அருட்சகோதரிகள், அருள்பணியாளர்கள் ஆகியோரின் சம்பளத்தில் வருமான வரியை மூலத்திலேயே பிடித்தம் செய்யலாமா என்பதே அந்த வழக்குகளின் மையக் கேள்வி. பிடித்தம் செய்யத்தான் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019-இலும் கேரள உயர் நீதிமன்றம் 2021-இலும் கூறியிருந்தன. உச்ச நீதிமன்றம் அதையே நிலைநிறுத்தியது.

இந்த வழக்கைப் பற்றி இரண்டு எளிய விளக்கங்களில் ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியும். திருச்சபை வரி ஏய்க்கப் பார்த்தது, நீதிமன்றம் தடுத்தது என்பது ஒன்று. சிறுபான்மையினரின் துறவற வாழ்வில் அரசு கைவைத்தது என்பது மற்றொன்று. ஆவணங்களைப் பொறுமையாகப் படித்தால் இரண்டுமே நிற்கவில்லை. வழக்குத் தொடுத்தவர்கள் எதையும் மறைக்கவில்லை. அரசே எழுத்தில் கொடுத்த ஓர் உறுதியை எழுபது ஆண்டுகளாக நம்பியிருந்தவர்கள் அவர்கள். அரசும் மதத்தைக் குறிவைத்து ஒரு புதிய வரியைக் கொண்டுவரவில்லை. உண்மையில் இங்கே மோதிக்கொண்டவை, ஒரு பெண் கடவுளுக்குக் கொடுத்த வாக்கும் அதே பெண் குடிமகளாகச் சுமக்கும் கடமையும். இந்த மோதலைச் சட்டத்தின் பக்கமிருந்து நீதிமன்றங்கள் தீர்த்துவிட்டன. நம்பிக்கையின் பக்கமிருந்து அதை எப்படித் தீர்ப்பது என்பதைக் கிறிஸ்தவர்களாகிய நாம்தான் பேச வேண்டும், அதை நாம் போதிய அளவு பேசவில்லை என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

சம்பளம் வரும் வழி

தமிழ்நாட்டில் அரசு உதவி பெறும் தனியார் பள்ளிகளை 1973-ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் நெறிப்படுத்தி வந்தது. ஆசிரியரை நியமிப்பது பள்ளி நிர்வாகம். அந்த நியமனத்துக்கு ஒப்புதல் தருவது கல்வித் துறை. சம்பளத்துக்கான மானியம் அரசிடமிருந்து வருகிறது. அப்படி ஒப்புதல் பெற்ற ஆசிரியருக்குத் தனிப் பணிப் பதிவேடு உண்டு, ஆண்டு ஊதிய உயர்வு உண்டு, வருங்கால வைப்பு நிதி அல்லது பங்களிப்பு ஓய்வூதியம் உண்டு. அவர் துறவு உடை அணிந்திருக்கிறாரா, சேலை கட்டியிருக்கிறாரா என்பதால் இவற்றில் எதுவும் மாறுவதில்லை. சம்பளப் பட்டியலில் இருப்பது அவருடைய பெயர். பணம் சேர்வது அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில்.

அந்த இடத்திலிருந்து துறவற வாழ்வின் ஒழுங்கு தொடங்குகிறது. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளை, அதாவது கடவுளுக்குத் தரும் உறுதிமொழிகளை, எடுத்த அருட்சகோதரி, தாம் ஈட்டும் எதையும் தமக்கென வைத்துக்கொள்வதில்லை. சம்பளம் முழுவதும் அவர் சார்ந்த துறவற சபைக்குப் போகிறது. சபை அவருக்கு உணவும் உடையும் மருத்துவமும் முதுமைக்காலப் பராமரிப்பும் தருகிறது, மீதியைக் கொண்டு விடுதிகளையும் மருந்தகங்களையும் ஆதரவற்றோர் இல்லங்களையும் நடத்துகிறது. 1983-இல் வெளியிடப்பட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 668-ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: துறவி தம் உழைப்பாலோ சபையின் பொருட்டோ பெறுவது அனைத்தும் சபைக்கே உரியது, ஓய்வூதியம், உதவித்தொகை, காப்பீடு ஆகியவையும், சபையின் தனி விதி வேறு விதமாகச் சொன்னாலொழிய, சபையையே சேரும்.

ஐம்பதாயிரமோ எண்பதாயிரமோ மாதச் சம்பளம் வாங்கும் ஒரு தலைமையாசிரியை, பேருந்துக் கட்டணத்துக்குக்கூட மடத்துத் தலைவியிடம் கேட்டு வாங்கும் வாழ்க்கையைக் கத்தோலிக்கப் பள்ளிகளில் படித்த எவரும் அருகிலிருந்து பார்த்திருப்பார்கள். அது நடிப்பல்ல. அந்த வாழ்வை அறியாதவர்கள் இந்த வழக்கை ஒரு கணக்கு வித்தையாகப் பார்ப்பது அநியாயம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

1944-இன் உறுதி

ஆங்கிலேயர் காலத்திலேயே, 1944 சனவரியில், அன்றைய மத்திய வருவாய் வாரியம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. மறைபரப்பாளர்கள் தாங்கள் பெறும் கட்டணங்களைத் தங்கள் சபையின் விதிப்படி சபைக்கே ஒப்படைக்கக் கடமைப்பட்டிருந்தால், அந்தத் தொகைக்கு அவர்கள் கையில் வரி விதிக்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம். விடுதலைக்குப் பின் 1961-இல் புதிய வருமான வரிச் சட்டம் வந்தது. பின்னர் 1977 டிசம்பரில் மத்திய நேரடி வரிகள் வாரியம் அதே நிலையை மீண்டும் விளக்கிற்று: மறைபரப்பாளர்களின் கட்டணங்களும் பிற ஈட்டல்களும் சபைக்கு ஒப்படைக்கப்பட வேண்டியவை என்பதால், அவற்றின் மீது சபைக்கு முந்துரிமை உண்டு, எனவே மறைபரப்பாளர்களின் கையில் அவை வரிக்குரியவை ஆகா.

இவற்றின் அடிப்படையில் அருட்சகோதரிகளின் சம்பளத்தில் பிடித்தம் இன்றியே பல பத்தாண்டுகள் கழிந்தன. 2014, 2015 வாக்கில் வருமான வரித் துறையின் பார்வை மாறியது. சம்பளம் வழங்கும் அலுவலர்கள் மற்ற ஆசிரியர்களுக்குச் செய்வதைப் போலவே இவர்களுக்கும் பிடித்தம் செய்ய வேண்டும் என்று அறிவுறுத்தப்பட்டது. சபைகள் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடின. தனி நீதிபதி சுற்றறிக்கைகளை ஏற்றுச் சபைகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அரசு மேல்முறையீடு செய்தது. 2019 மார்ச் 20 அன்று நீதிபதிகள் வினீத் கோத்தாரி, சி.வி. கார்த்திகேயன் அமர்வு அந்தத் தீர்ப்பை மாற்றியது.

திசைதிரும்பிய வருமானமும் செலவிடப்பட்ட வருமானமும்

அமர்வின் தீர்ப்பைப் புரிந்துகொள்ள வருமான வரிச் சட்டத்தின் பழைய ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்ள வேண்டும். ஒருவருடைய கைக்கு வரும் முன்பே சட்டக் கடப்பாடு ஒன்றால் வேறொருவருக்குத் திரும்பிப் போய்விடும் தொகை அவருடைய வருமானமே ஆகாது. அவருடைய கைக்கு வந்தபின், எவ்வளவு கட்டாயத்தின் பேரில் அவர் அதைக் கொடுத்தாலும், அது அவர் தம் வருமானத்தைச் செலவிட்டதாகவே கொள்ளப்படும், வரி உண்டு.

முதல் வகைக்கு எடுத்துக்காட்டு, ஆங்கிலேயர் ஆட்சியில் இந்திய வழக்குகளின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1933-இல் தீர்த்த விஜய்சிங் துதூரியா வழக்கு. வங்காளத்து ஜமீன்தார் ஒருவர் தம் சிற்றன்னையின் பராமரிப்புக்காகக் கொடுத்த தொகை, நீதிமன்றத் தீர்ப்பால் அவருடைய சொத்தின் மீதே பொறுப்பாக ஏற்றப்பட்டிருந்தது. ஆகவே அந்தப் பகுதி ஜமீன்தாரின் வருமானமாக ஒருபோதும் ஆகவில்லை என்று பிரிவி கவுன்சில் கூறியது. இரண்டாம் வகைக்கு எடுத்துக்காட்டு 1960-இல் நம் உச்ச நீதிமன்றம் தீர்த்த சீதல்தாஸ் தீரத்தாஸ் வழக்கு. அவரும் மனைவி, பிள்ளைகளின் பராமரிப்புக்கு நீதிமன்ற ஆணைப்படியே பணம் கொடுத்தார். ஆனால் அந்தக் கடமை எந்தச் சொத்தின் மீதும் ஏற்றப்படவில்லை. வருமானம் அவரிடம் வந்தது, அதிலிருந்து அவர் கொடுத்தார். விலக்குக் கிடைக்கவில்லை.

அருட்சகோதரியின் சம்பளம் இவ்விரண்டில் எந்தப் பக்கம் விழுகிறது? சபையின் வழக்கறிஞர்கள் முதல் பக்கம் என்றார்கள்: வார்த்தைப்பாடு எடுத்த நாளிலேயே சம்பளத்தின் மீது சபையின் உரிமை ஏறிவிட்டது, அருட்சகோதரியின் கணக்கு பணம் கடந்து போகும் இடம் மட்டுமே. அமர்வு இதை ஏற்கவில்லை. சம்பளம் என்பது வேலைக்கு அமர்த்தியவருக்கும் வேலை செய்தவருக்கும் இடையே எழும் உரிமை. பாடம் நடத்தியவர் அந்த அருட்சகோதரி. சம்பளம் கேட்கும் உரிமை அவருக்கே எழுகிறது. சம்பளம் வழங்கும் அலுவலருக்கும் சபைக்கும் அந்தச் சம்பளத்தைப் பொறுத்தவரை நேரடி உறவு எதுவும் இல்லை. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 192-ஆம் பிரிவு, சம்பளம் வழங்கும்போதே வரியைப் பிடிக்கும் கடமையை அந்த அலுவலர் மீது சுமத்தியது. சம்பளம் வாங்கியவர் பிறகு அதை என்ன செய்வார் என்று ஆராயும் அதிகாரத்தை அது அவருக்குத் தரவில்லை. சுற்றறிக்கைகளைப் பொறுத்தவரை, அவை கட்டணங்களையும் பிற ஈட்டல்களையும் பற்றியவை, சம்பளத்தை அவை குறிப்பிடவில்லை என்பதையும் அமர்வு சுட்டிக்காட்டியது.

இந்தக் கடைசிக் காரணம் எனக்கு முழு நிறைவைத் தரவில்லை. பிற ஈட்டல்கள் என்று எழுதிய அரசு, ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அதில் சம்பளமும் அடங்கும் என்பது போலவே நடந்துகொண்டது. அந்த நடத்தையைப் பார்த்துத் தங்கள் வரவுசெலவைத் திட்டமிட்ட எளிய சபைகளிடம், சொல்லுக்கு நீங்கள் பொருள் கொண்டது தவறு என்று பின்னால் சொல்வது கண்டிப்பான வாசிப்பாக இருக்கலாம், கனிவான வாசிப்பாக இல்லை. ஆனால் முதற்காரணம் உறுதியானது. சுற்றறிக்கை ஒருபோதும் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்துக்கு மேலே நிற்க முடியாது, சம்பளம் உழைத்தவரிடமே முதலில் எழுகிறது என்பதையும் மறுக்க முடியாது.

இறந்தவராகக் கருதப்படுதல்

சபைகளின் மற்றொரு வாதம் இதைவிட ஆழமானது. துறவி உலகியல் வாழ்வுக்கு இறந்தவர், குடிமை நிலையில் இல்லாதவர், ஆகவே அவருக்கென்று வருமானம் இருக்க முடியாது என்பது அது. இந்துச் சந்நியாசிகளைப் பற்றி இந்திய நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்று வந்த கருத்தை ஒட்டியது இது. உச்ச நீதிமன்றத்தில் சபைகளுக்காக முன்னிலையான மூத்த வழக்கறிஞர் அர்விந்த் தாத்தர், மோட்டார் விபத்தில் துறவி இறந்தால் குடும்பத்தினர் இழப்பீடு கோர முடியாது என்ற கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பையும் இதற்குத் துணையாக எடுத்துக்காட்டினார். இழப்பீடு கேட்கும்போது இறந்தவர் என்றும் வரி கேட்கும்போது உயிரோடிருப்பவர் என்றும் சொல்வது எப்படி என்ற வினாவில் நியாயமான வலி இருக்கிறது.

ஆனாலும் இந்த வாதத்தைத் திருச்சபைச் சட்டத் தொகுப்பே தாங்கவில்லை. மேலே சொன்ன அதே 668-ஆம் பிரிவின் முதற்பகுதி, முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் ஒருவர் தம் சொத்தின் நிர்வாகத்தை மற்றொருவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. சொத்தின் உடைமையை விட்டுவிட வேண்டும் என்று அங்கே சொல்லவில்லை. நிலையான வார்த்தைப்பாட்டுக்கு முன் உயில் எழுத வேண்டும், அந்த உயில் நாட்டுச் சட்டப்படியும் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும் என்றும் அது கேட்கிறது. இறந்துவிட்டவராகக் கருதப்படுபவரிடம் எந்தச் சட்டமும் செல்லுபடியாகும் உயில் கேட்காது. தம் உடைமை அனைத்தையும் முற்றாகத் துறப்பவருக்கு மட்டுமே, அதே பிரிவின் இறுதிப் பகுதி, பொருள் ஈட்டவும் வைத்திருக்கவும் உள்ள தகுதி நீங்குவதாகச் சொல்கிறது. பள்ளியிலும் மருத்துவமனையிலும் பணி செய்யும் சபைகள் பலவற்றில் எடுக்கப்படும் வார்த்தைப்பாடு அவ்வளவு தூரம் போவதில்லை.

நடைமுறையையும் பார்க்க வேண்டும். நம் அருட்சகோதரிகள் தேர்தல் நாளில் வரிசையில் நின்று வாக்களிக்கிறார்கள். கடவுச்சீட்டு வைத்திருக்கிறார்கள். பணி நியமனம் மறுக்கப்பட்டால் தம் பெயரில் நீதிமன்றம் செல்கிறார்கள். இது குறையல்ல. அவர்கள் முழுக் குடிமக்கள் என்பதற்கான சான்று. உரிமை என்று வரும்போது உயிரோடும் கடமை என்று வரும்போது இல்லாமலும் இருக்க ஒரு குடிமகளால் முடியாது. அந்த நிலையை அவர்களுக்காகக் கேட்பது அவர்களுடைய மதிப்பைக் குறைப்பதாகும் என்று நான் கருதுகிறேன். விபத்து இழப்பீட்டு விஷயத்தில் அநீதி இருந்தால், அதைத் தனியே எதிர்த்து, துறவியின் உயிருக்கும் சட்டத்தின் முன் விலை உண்டு என்று நிலைநாட்டுவதே சரியான வழி.

கேரள உயர் நீதிமன்றம் 2021 சூலையில் இதே முடிவுக்கு வந்தது. வரிப் பிடித்தம் அரசமைப்பின் 25-ஆவது உறுப்பு தரும் மதச் சுதந்திரத்தைப் பாதிக்கவில்லை என்றும் அது சொன்னது. அந்தத் தீர்ப்பில் நற்செய்தியின் வசனம் ஒன்றும் எடுத்தாளப்பட்டது. சீசருக்கு உரியதைச் சீசருக்கும் கடவுளுக்கு உரியதைக் கடவுளுக்கும் கொடுக்கச் சொல்லும் வசனம் அது. உச்ச நீதிமன்றத்தின் விசாரணை சுருக்கமாகவே முடிந்தது. இந்து அர்ச்சகர் ஒருவர் தம் சம்பளத்தை வைத்துக்கொள்ளாமல் பூசைக்காக ஓர் அமைப்புக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னால் வரி பிடிக்காமல் விடலாமா என்று தலைமை நீதிபதி கேட்டார். வேலைக்கு அமர்த்தப்பட்டுச் சம்பளம் பெறுபவர் எவராயினும் சட்டம் ஒன்றே என்பது அமர்வின் நிலை.

வேதம் என்ன சொல்கிறது

நீதிமன்றம் வேதவசனத்தை நமக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய நிலை வந்தது என்பது, ஒரு கத்தோலிக்கனாக, எனக்கு உறுத்தலாக இருந்தது. அந்த வசனம் நம்முடையது. அதன் சூழலையும் நாம் நன்றாக அறிவோம். கி.பி. 6-இல் உரோமையர் யூதேயாவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்தி வரி விதித்தபோது கலிலேயனான யூதா என்பவன் கலகம் செய்தான். கடவுள் ஒருவரே அரசர் என்றிருக்கையில் பேரரசனுக்கு வரி செலுத்துவது நம்பிக்கைத் துரோகம் என்பது அன்றைய தீவிரர்களின் எண்ணம். அந்தப் பின்னணியில்தான் பரிசேயரும் ஏரோது அரசனின் ஆதரவாளர்களான ஏரோதியரும் சேர்ந்து வந்து, பேரரசரான சீசருக்கு வரி செலுத்தலாமா என்று இயேசுவிடம் கேட்டார்கள். கொடுக்க வேண்டாம் என்றிருந்தால் கலகக்காரர், கொடு என்றிருந்தால் மக்கள் பகைவர். அவர் சீசரின் உருவம் பொறித்த தெனாரியம் என்ற நாணயத்தைக் காட்டச் சொன்னார். அந்நியப் பேரரசன் விதித்த, பலர் அநீதி என்று வெறுத்த தலைவரியைக்கூட மறுக்கச் சொல்லவில்லை. உரோமை ஆளுநர் பிலாத்துவின் முன் இயேசு நிறுத்தப்பட்டபோது, சீசருக்கு வரி கொடுக்கக் கூடாதென்று இவன் சொன்னான் என்பதே அவர் மீது சுமத்தப்பட்ட பொய்க் குற்றச்சாட்டுகளில் ஒன்று என்று லூக்கா எழுதுகிறார்.

இந்த வழக்கோடு அதைவிட நெருங்கிய இரண்டு பகுதிகள் உண்டு. மத்தேயு 17-ஆம் அதிகாரத்தில் எருசலேம் கோவில் வரியைத் தண்டுவோர் பேதுருவிடம் வருகிறார்கள். அரசர்கள் தம் பிள்ளைகளிடம் வரி வாங்குவதில்லையே, ஆகவே பிள்ளைகள் கட்டுப்பட்டவர்கள் இல்லையே என்று இயேசு முதலில் தம் விலக்கு உரிமையை எடுத்துச் சொல்கிறார். பிறகு, அவர்களுக்கு இடறலாக இருக்க வேண்டாம் என்று சொல்லி, தமக்கும் பேதுருவுக்குமாகச் செலுத்தச் செய்கிறார். விலக்குக்கு நியாயம் இருந்தும் செலுத்தினார். அந்த வரி கோவிலுக்குரியது, அரசுக்குரியது அன்று என்பது உண்மையே. ஆயினும் விலக்கு உரிமையை எவ்விதம் கையாள வேண்டும் என்பதற்கு அது ஒரு மாதிரி.

மற்றொன்று மாற்கு 7-ஆம் அதிகாரம். தாய் தந்தையருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொர்பான் என்று, அதாவது கடவுளுக்கு நேர்ந்துவிட்டதாகச் சொல்லி, அந்தப் பொறுப்பிலிருந்து விடுபட ஒருவனை அனுமதித்த மரபை இயேசு கடுமையாகக் கண்டித்தார். நம் அருட்சகோதரிகளை அந்த மகனோடு ஒப்பிடுவது என் நோக்கமில்லை. அவன் பொருளைத் தனக்கென்று காக்க அந்தச் சொல்லைப் பயன்படுத்தினான், இவர்கள் தமக்கென்று ஒரு காசும் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் அந்தப் பகுதி நிறுவும் நெறி இவ்வழக்கின் நடுவில் நிற்கிறது: பிறருக்குச் சேர வேண்டிய பங்கைக் கடவுளுக்கு நேர்ந்துவிட எவருக்கும் உரிமையில்லை. நேர்த்திக்கடனாகவோ வார்த்தைப்பாடாகவோ ஒருவர் கொடுக்கக்கூடியது தமக்குரியதை மட்டுமே. ஊரார் சேர்ந்து நடத்தும் அரசுக்குச் சேர வேண்டிய பங்கு, சம்பளம் கையில் வரும்போதே அவருடையதாக இல்லை. அதைக் கழித்தபின் எஞ்சுவது முழுவதும் அவருடையது, அதைத்தான் அவர் கடவுளுக்குக் கொடுத்திருக்கிறார். இப்படிப் பார்த்தால் வரிப் பிடித்தம் ஏழ்மை வார்த்தைப்பாட்டை எள்ளளவும் மீறவில்லை.

தொடக்க காலத்துக் கிறிஸ்தவர்கள் இதைத் தயக்கமின்றி உணர்ந்திருந்தார்கள். வரியும் தீர்வையும் செலுத்துவதை உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 13-ஆம் அதிகாரத்தில் பவுல், பிறருக்குத் தீர்க்க வேண்டிய கடனாகவே வைக்கிறார். இரண்டாம் நூற்றாண்டில் பேரரசர் அன்டோனினஸ் பயஸுக்கு முறையீடு எழுதிய புனித ஜஸ்டின், மற்றெல்லாரையும்விட முந்திக்கொண்டு நாங்கள் வரி செலுத்துகிறோம் என்பதையே கிறிஸ்தவர்களுக்கு ஆதரவான சான்றாகக் காட்டினார். அவர்களைத் துன்புறுத்திய அரசுக்குத்தான் அந்த வரி போயிற்று.

திருச்சபை வரலாறு முழுவதும் இப்படியே இருந்தது என்று சொல்ல முடியாது. 1296-இல் திருத்தந்தை எட்டாம் போனிஃபாஸ், தம் அனுமதியின்றிக் குருக்கள் அரசர்களுக்கு வரி செலுத்தக் கூடாதென்றும், மீறினால் செலுத்துபவரும் வாங்குபவரும் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவார்கள் என்றும் ஆணையிட்டார். பிரான்சின் நான்காம் பிலிப்பு நாட்டை விட்டுப் பொன்னும் வெள்ளியும் வெளியேறத் தடை போட்டார். இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டு, வரி தராத குருக்களுக்கு அரச பாதுகாப்பு இல்லை என்று அறிவித்தார். மறு ஆண்டே திருத்தந்தை இறங்கிவர நேர்ந்தது. குருக்களின் வரிவிலக்கு என்பது நற்செய்தியிலிருந்து வந்ததல்ல, இடைக்கால அதிகாரப் போட்டியிலிருந்து வந்தது என்பதற்கு அந்த நிகழ்ச்சி போதும். இன்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், தன் 2240-ஆம் எண்ணில், வரி செலுத்துவதையும் வாக்களிப்பதையும் நாட்டைக் காப்பதையும் அறநெறிக் கடமைகளாக ஒரே மூச்சில் சொல்கிறது. துறவிகளுக்கு மட்டும் விலக்கு என்று அங்கே இல்லை.

மனச்சான்றின் பேரில் வரி மறுத்த கிறிஸ்தவர்களும் உண்டு. 1755-இல், போரை எதிர்க்கும் கிறிஸ்தவக் குழுவினரான பென்சில்வேனியாவின் குவேக்கர்களில் சிலர், போருக்குச் செலவாகும் வரியைச் செலுத்த மாட்டோம் என்று எழுதினார்கள். அவர்கள் அந்தப் பணம் செய்யப்போகும் செயலை எதிர்த்தார்கள், தண்டனையை ஏற்கவும் தயாராக இருந்தார்கள். நம் வழக்கில் அத்தகைய மறுப்பு எதுவும் இல்லை. அரசுப் பள்ளியும் அரசு மருத்துவமனையும் சத்துணவும் நடத்தும் அதே வருவாயிலிருந்துதான் அருட்சகோதரிகளின் சம்பள மானியமும் வருகிறது.

இனி என்ன

பிற நாடுகளும் இதே சிக்கலைச் சந்தித்திருக்கின்றன. அமெரிக்காவில், துறவி தம் சபைக்கோ திருச்சபை நிறுவனத்துக்கோ சபையின் சார்பாகப் பணி செய்தால் அந்த வருவாய் சபையுடையது, வெளி நிறுவனம் ஒன்றில் பணியாளராகச் சேர்ந்தால் வருவாய் அவருடையது என்று வரித் துறை 1977-இல் பிரித்துக் காட்டியது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் கற்பித்த இயேசு சபைக் குரு ஒருவர் தொடுத்த வழக்கிலும் 1986-இல் வரி உண்டு என்றே தீர்ப்பாயிற்று. கனடா வேறு வழியில் சென்றது. நிலையான ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்த துறவி தம் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் சபைக்குக் கொடுத்தால், அதைக் கழித்துக்கொள்ள அந்நாட்டு வருமான வரிச் சட்டத்தின் 110-ஆம் பிரிவே இடம் தருகிறது. வார்த்தைப்பாட்டை மதிக்க விரும்பும் அரசு எங்கே செயல்பட வேண்டும் என்பதை அந்த எடுத்துக்காட்டு காட்டுகிறது. சலுகை வேண்டுமென்றால் அதை நாடாளுமன்றத்தில் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். எல்லா மதத் துறவிகளுக்கும் பொருந்தும்படி, நிபந்தனைகளோடு, விவாதித்துத் தரப்படும் விலக்கு நேர்மையானது. பழைய சுற்றறிக்கையின் நிழலில் ஒதுங்கி நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

பொருளாதார இழப்பையும் சரியான அளவில் பார்க்க வேண்டும். அறக்கட்டளையாகப் பதிவு பெற்ற சபையின் சொந்த வருமானத்துக்கு, அதில் குறைந்தது 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிட்டால், 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு விலக்குத் தந்தது. தீர்ப்பு அதைத் தொடவில்லை. தனி ஆசிரியரின் நிலை வேறு. பழைய வரி முறையில், சபைக்குக் கொடுப்பதை நன்கொடையாகக் காட்டினாலும், பெரும்பாலான நிறுவனங்களைப் பொறுத்தவரை அதில் பாதிக்கே கழிவு, அதுவும் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு என்ற வரம்புக்குள். குறிப்பிட்ட மதத்தினருக்கு மட்டும் பயன்படும் அமைப்புகளுக்கு அதுவும் இல்லை. அதே சமயம் 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில், நிலைக்கழிவான 75,000 ரூபாயையும் சேர்த்து, ஆண்டுக்கு 12,75,000 ரூபாய் வரை சம்பளம் பெறுபவருக்கு வரியே வராது. கணிசமான அருட்சகோதரிகள் இந்த வரம்புக்குள் வந்துவிடுவார்கள். மூத்த தலைமையாசிரியர்களும் கல்லூரிப் பேராசிரியர்களுமே அதைத் தாண்டுவார்கள். பழைய ஆண்டுகளுக்கான வரியையும் வட்டியையும் பொறுத்தவரை அரசு இரக்கம் காட்டுவது நியாயம். அந்த ஆண்டுகளில் அவர்கள் நம்பியது அரசின் சொந்த எழுத்தை.

சபைத் தலைமைகள் கவனிக்க வேண்டிய ஒன்று இன்னும் பேசப்படவில்லை. வருமான வரிக் கணக்கு என்பது தனி மனிதரின் உறுதிமொழி. பான் எண் அருட்சகோதரியின் பெயரில் இருக்கிறது. சம்பளத்தில் வரி பிடித்ததற்கான சான்றிதழ் அவருக்கே வழங்கப்படுகிறது. தவறு நேர்ந்தால் அறிவிப்பும் அவருக்கே வரும். சபையின் மண்டலத் தலைமையகமான மாகாண இல்லத்தின் கணக்காளர் எல்லாருக்குமாகத் தயாரித்துக் கொடுப்பதில், தமக்கு எவ்வளவு சம்பளம் வந்தது, எவ்வளவு பிடித்தார்கள், வங்கிக் கணக்கில் என்ன நடந்தது என்று அறியாமல், கீழ்ப்படிதலின் பேரில் கையெழுத்திடும் நிலை எந்த மடத்திலும் இருக்கலாகாது. ஏழ்மை வார்த்தைப்பாடு பணத்தைப் பயன்படுத்தும் உரிமையை விடச் சொல்கிறது. பணத்தைப் பற்றி உண்மை சொல்லும் பொறுப்பை அது நீக்குவதில்லை. ஆகவே ஒவ்வொரு பணியாளர் சகோதரிக்கும் அவருடைய சம்பளச் சீட்டையும் வரிக் கணக்கையும் ஆண்டுதோறும் காட்டி, விளக்கி, அவர் கேள்வி கேட்க இடம் கொடுத்து, அதன் பிறகே கையெழுத்து வாங்குவதைச் சபைகள் தங்கள் விதிமுறையிலேயே எழுதிவைக்க வேண்டும். புகுமுகத் துறவியருக்கான பயிற்சி ஆண்டுகளில் வார்த்தைப்பாடுகளைப் பற்றிய பாடத்தோடு இதையும் சேர்த்துக் கற்பிப்பதற்குத் திருச்சபைச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை.